22 வாட் கிட்டார் ஆம்பிளிஃபையருக்கான டிரான்ஸ்ஃபார்மர் தொகுப்பு: பயாஸ் அமைத்துப் பார்த்தபின் ஒரு மதிப்பீடு

இரண்டு 6வி6 வால்வுகளை (ஒலியைப் பெருக்கும் வெற்றிடக் குழாய்களை) வைத்து ஏறத்தாழ 22 வாட் தரும் கிட்டார் ஆம்பிளிஃபையர் ஒன்றைத் தாமே கட்ட விரும்புவோருக்காக விற்கப்படும் தொகுப்பு இது. சுவர் மின்சாரத்தை வால்வுகளுக்கு ஏற்றபடி மாற்றும் பவர் டிரான்ஸ்ஃபார்மர், வால்வுகளை ஒலிபெருக்கியோடு இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், மின்வழங்கலின் ரீங்காரத்தை வடிக்கும் சோக் என்ற சுருள் ஆகிய மூன்றும் இதில் உள்ளன. ஃபென்டர் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய டீலக்ஸ் ரிவெர்ப் ஆம்பிளிஃபையரின் ஏபி763 சர்க்யூட்டை மனத்தில் வைத்தே இதன் சுருள்களைச் சுற்றியிருக்கிறார்கள் என்பது அதன் அளவுகளைப் பார்த்தாலே விளங்கும். அந்த சர்க்யூட்டை எதையும் விட்டுவிடாமல் இந்தத் தொகுப்பின் மீது கட்டி, பயாஸ் (வாசிக்காதபோது வால்வு எவ்வளவு மின்னோட்டம் எடுக்க வேண்டும் என்பதை நிர்ணயிக்கும் எதிர்மறை மின்னழுத்தம்) அமைத்து, போதிய காலம் வாசித்துக் கேட்டபிறகு இதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் மிகவும் நன்றாக இருக்கிறது, பவர் டிரான்ஸ்ஃபார்மர் நல்லதுதான், ஆனால் எந்த முனையில் இணைக்கிறோம் என்பதைப் பொறுத்தே அது நல்லதாகிறது, சோக்கைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை, உடன் வரும் விவரத் தாள் மட்டும் இந்த வேலைக்குப் போதாது.

டிரான்ஸ்ஃபார்மர் வாங்குவோர் முதலில் கேட்பது, "தொனி எப்படி இருக்கும்?" என்பதுதான். எனக்கு அதற்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது. வால்வுகள் சூடேறி, அவற்றின் வழியே மின்னோட்டம் பாயத் தொடங்கியபின் பிளேட்டில் (வால்வில் உயர் மின்னழுத்தம் சேரும் தகட்டில்) எத்தனை வோல்ட் நிற்கும்? அந்த ஓர் எண் தெரியாமல் பயாஸ் அமைக்க முடியாது. பயாஸ் சரியாக அமையாமல் எந்த அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் தொனியையும் நியாயமாகத் தீர்ப்பிட முடியாது. ஆகவே பவர் டிரான்ஸ்ஃபார்மரைத் தேர்வதும் பயாஸ் அமைப்பதும் ஒரே முடிவின் இரண்டு பாதிகள் என்றே நான் கருதுகிறேன். இந்த மதிப்பீட்டின் பெரும்பகுதி அந்த எண்ணைச் சுற்றியே செல்வதற்குக் காரணம் அதுதான்.

பவர் டிரான்ஸ்ஃபார்மரின் உயர் மின்னழுத்தத் துணைச் சுருள் 330-0-330 வோல்ட், 120 மில்லி ஆம்பியர் என்று தாள் சொல்கிறது. மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ரெக்டிஃபையர் வால்வுக்கு 5 வோல்ட் 2 ஆம்பியர், மற்ற வால்வுகளைச் சூடாக்கும் இழைகளுக்கு 6.3 வோல்ட் 3.5 ஆம்பியர், பயாஸுக்கு 50 வோல்ட்டில் தனி முனை ஆகியவையும் உண்டு. இழைகளின் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். 6வி6 ஒவ்வொன்றும் 0.45 ஆம்பியர் எடுக்கும்; 12ஏஎக்ஸ்7, 12ஏடி7 என்ற சிறிய வால்வுகள் 6.3 வோல்ட்டில் தலா 0.3 ஆம்பியர் எடுக்கும். இந்த சர்க்யூட்டில் சிறிய வால்வுகள் ஆறு என்பதால் மொத்தம் 2.7 ஆம்பியர் வருகிறது. 3.5 ஆம்பியர் அதற்குத் தாராளம். ஜிஇசட்34 ரெக்டிஃபையரின் இழைக்கு 1.9 ஆம்பியர் வேண்டும். 5 வோல்ட் சுருள் அதைத் தாங்கும், ஆனால் மிச்சம் அதிகமில்லை.

120 மில்லி ஆம்பியர் என்பது சுருளில் ஓடும் மாறுமின்னோட்டமா, ரெக்டிஃபையருக்குப் பிறகு கிடைக்கும் நேர்மின்னோட்டமா என்று தாளில் இல்லை. நடுமுனை கொண்ட முழு அலை ரெக்டிஃபையரைத் தொடர்ந்து கெப்பாசிட்டர் வரும் அமைப்பில் இரண்டும் ஏறத்தாழச் சமம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஆகவே இந்த சர்க்யூட்டுக்கு அந்த இடைவெளி தொல்லை தரவில்லை. ஆனால் இதே போன்ற தாளை நம்பி, பிரிட்ஜ் ரெக்டிஃபையருக்கான வேறொரு டிரான்ஸ்ஃபார்மரை ஒருவர் வாங்கினால், அங்கே கிடைக்கும் நேர்மின்னோட்டம் சுருளின் அளவில் ஏறத்தாழ 62 விழுக்காடுதான் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். விற்பவர் ஒரு சொல்லில் தெளிவுபடுத்தியிருக்க வேண்டிய செய்தி இது.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். 330 வோல்ட்டின் உச்ச அளவு ஏறத்தாழ 467 வோல்ட். வால்வுகள் எதுவும் மின்னோட்டம் எடுக்காதபோது முதல் கெப்பாசிட்டரில் நிற்பது அதற்கு நெருக்கமான அளவுதான். இதைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. அதே சமயம் இதைத் தாங்கும் தரத்தில்தான் கெப்பாசிட்டர்களை வாங்க வேண்டும். வால்வுகள் ஓடத் தொடங்கியதும் சுருளின் மின்தடையும் ரெக்டிஃபையரின் இழப்பும் சேர்ந்து அதைக் கீழே இறக்கும். எவ்வளவு இறக்கும் என்பதே ஒரு பவர் டிரான்ஸ்ஃபார்மரின் குணம். கம்பி தடித்து, உள்ளகம் (சுருளின் நடுவே உள்ள இரும்பு) பெரிதாக இருந்தால் இறக்கம் குறையும், அதிரும் தாளத்தில் ஒலி இறுக்கமாக நிற்கும். கம்பி மெலிந்திருந்தால் பலமாக மீட்டும்போது அழுத்தம் தளர்ந்து, ஒலி சற்று அமுங்கிப் பின் மலரும். கிட்டார் வாசிப்போரில் பலர் விரும்புவது இரண்டாவதையே.

சுவர் மின்சாரம் சேரும் முதன்மைச் சுருளில் 220, 230, 240 வோல்ட் என மூன்று முனைகள் தந்திருக்கிறார்கள். இந்தத் தொகுப்பில் நான் மிகவும் மதிக்கும் செயல் இதுதான். பழைய ஆம்பிளிஃபையர்கள் இன்றைக்கு விடக் குறைந்த மின்வழங்கலுக்காக வடிவமைக்கப்பட்டவை. அமெரிக்க சர்க்யூட் படங்கள் 117 வோல்ட்டை வைத்து வரையப்பட்டன. இன்று அங்கே சுவரில் வருவது 120க்கும் மேல். மற்ற இடங்களில் 220 என்று இருந்தது 230 ஆகி, நடைமுறையில் 240ஐயும் தொடுகிறது. சுவரில் ஏறும் ஒவ்வொரு விழுக்காடும் பிளேட்டிலும் இழையிலும் அப்படியே ஏறும். என் மேசையில் மின்வழங்கல் 236 வோல்ட் இருந்தபோது 230 முனையில் இணைத்ததில், வால்வுகள் ஓடும் நிலையில் உயர் மின்னழுத்தம் 428 வோல்ட்டாகவும் இழை 6.6 வோல்ட்டாகவும் இருந்தன. இழைக்கு 10 விழுக்காடு வரை ஏற்ற இறக்கம் அனுமதிக்கப்படுவதால் 6.6 வோல்ட் வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் 240 முனைக்கு மாற்றியபோது உயர் மின்னழுத்தம் 410 வோல்ட்டாகவும் இழை 6.3 வோல்ட்டாகவும் இறங்கின. 6வி6க்கு இது பெரிய ஆறுதல். தாளில் "230 வோல்ட் மின்வழங்கலுக்கு 230 முனை" என்று மட்டும் எழுதியிருக்கிறது. உங்கள் சுவரில் எவ்வளவு வருகிறது என்று அளந்து, ஐயம் இருந்தால் மேல் முனையையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வேன்.

ஆறுதல் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பழைய 6வி6ஜிடியின் தரவுத் தாள் பிளேட்டுக்கு அனுமதித்த மின்னழுத்தம் 315 வோல்ட், வெப்ப இழப்பு 12 வாட். பிற்காலத்தில் மதிப்பிடும் முறை மாறியபோது இவை 350 வோல்ட், 14 வாட் என்று எழுதப்பட்டன. ஃபென்டரோ இந்த வால்வை 400 வோல்ட்டைத் தாண்டி ஓட்டியது. அன்றைய வால்வுகள் தாங்கின. இன்று தயாராகும் வால்வுகளில் சில இந்தப் பயன்பாட்டை அறிந்தே செய்யப்படுகின்றன. ஜேஜேயின் 6வி6எஸ் வகைக்கு 500 வோல்ட், 14 வாட் என்று தரவுத் தாளே சொல்கிறது. ஆனால் எல்லா 6வி6களும் அப்படியல்ல. டிரான்ஸ்ஃபார்மரை வாங்கும்போதே எந்த வால்வைச் சொருகப் போகிறோம் என்று முடிவெடுத்துவிடுவது நல்லது.

பயாஸ் அமைத்ததை விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் தொகுப்பின் தரம் வெளிப்பட்டது அங்கேதான். ஒவ்வொரு 6வி6இன் கேத்தோடுக்கும் (வால்வைத் தரையோடு இணைக்கும் மின்முனைக்கும்) தரைக்கும் நடுவே 1 ஓம், 1 விழுக்காடு துல்லியமுள்ள ரெசிஸ்டர் ஒன்றை வைத்தேன். அதன் மீது மல்டிமீட்டர் காட்டும் ஒவ்வொரு மில்லி வோல்ட்டும் ஒரு மில்லி ஆம்பியர். ஆனால் கேத்தோடு வழியே போவது பிளேட்டின் மின்னோட்டம் மட்டுமன்று. வால்வின் இன்னொரு மின்முனையான ஸ்கிரீன் கிரிட்டின் மின்னோட்டமும் அதில் சேர்ந்திருக்கிறது. ஸ்கிரீனில் வைத்த 470 ஓம் ரெசிஸ்டரின் மீது 0.56 வோல்ட் இருந்ததால், அந்தப் பங்கு ஏறத்தாழ 1.2 மில்லி ஆம்பியர் என்று தெரிந்தது. இதைக் கழிக்காமல் கணக்கிட்டாலும் வால்வுக்குத் தீங்கில்லை. உண்மையைவிடச் சற்று அதிகமாகக் காட்டும், அவ்வளவே.

முதலில் பயாஸை −40 வோல்ட்டில், அதாவது வால்வுகள் மிகக் குறைவாக ஓடும் பக்கத்தில் வைத்துத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். அப்போது கேத்தோடு மின்னோட்டம் தலா 15 மில்லி ஆம்பியர், உயர் மின்னழுத்தம் 418 வோல்ட். பயாஸைச் சிறிது சிறிதாகக் குறைத்து −35.5 வோல்ட்டுக்குக் கொண்டுவந்தபோது மின்னோட்டம் 22.6 மில்லி ஆம்பியராக ஏறியது. உயர் மின்னழுத்தமோ 410 வோல்ட்டுக்கு இறங்கியது. மின்னோட்டத்தைக் கூட்டினால் மின்னழுத்தம் குறையும், அது குறைந்தால் கணக்கின் மறுபாதி மாறும். ஆகவே ஒவ்வொரு திருப்பலுக்குப் பிறகும் இரண்டையும் மீண்டும் அளக்க வேண்டும். ஒருமுறை அளந்த மின்னழுத்தத்தை வைத்துக்கொண்டு மின்னோட்டத்தை மட்டும் துரத்துவது தவறான விடைக்கே இட்டுச்செல்லும்.

நிறுத்திய இடத்தில் கணக்கு இப்படி: பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவே 406 வோல்ட், ஸ்கிரீனைக் கழித்த பிளேட் மின்னோட்டம் 21.4 மில்லி ஆம்பியர், இரண்டையும் பெருக்கினால் 8.7 வாட். 14 வாட்டில் இது 62 விழுக்காடு. பழைய 12 வாட்டில் 72 விழுக்காடு. நிலைப் பயாஸ் கொண்ட ஏபி வகுப்பு (இரு வால்வுகளும் மாறி மாறிப் பெரும் பங்கை ஏற்கும் வகை) ஆம்பிளிஃபையருக்கு 70 விழுக்காடு என்பது பலரும் சொல்லும் மேல் வரம்பு. அதை எட்டியே தீரவேண்டிய இலக்காகக் கொள்வது எனக்கு உடன்பாடில்லை. 15 மில்லி ஆம்பியரில் ஒரு சுரம் தேய்ந்து மறையும்போது அதன் வாலில் ஒரு கரகரப்பு கேட்டது. ஆஸிலோஸ்கோப்பில் அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் சிறு படியும் தெரிந்தது. 20 மில்லி ஆம்பியரைத் தாண்டியதும் இரண்டும் மறைந்தன. 26 மில்லி ஆம்பியர் வரை ஏற்றியும் பார்த்தேன். ஒலியில் கூடியது மிகச் சிறிது, பவர் டிரான்ஸ்ஃபார்மரின் சூடும் வால்வின் தேய்மானமும் கூடுவது உறுதி. 22இன் அருகே நிறுத்துவதே இந்தத் தொகுப்புக்கு நலம்.

பயாஸ் முனையில் 52 வோல்ட் வருகிறது. தேவைக்கு அது போதும். எனினும் பயாஸ் பொட்டென்ஷியோமீட்டரின் தரைப்பக்கத்தில் இருக்கும் ரெசிஸ்டரைத் தேர்வது உங்கள் பொறுப்பு. அதன் மதிப்பைக் கூட்டினால் சுழற்சியின் எல்லை முழுவதும் எதிர்மறைப் பக்கம் நகரும், குறைத்தால் எதிர்ப்பக்கம் நகரும். பொட்டென்ஷியோமீட்டரின் நடுக்கால் என்றாவது தொடர்பு விட்டுப்போனால் கிரிட்டுகள் (வால்வில் பயாஸ் சேரும் கட்டுப்பாட்டு முனைகள்) பயாஸ் இழந்து, வால்வுகள் சிவந்து, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் இழுத்துக்கொண்டு போகும். நடுக்காலுக்கும் மிக எதிர்மறையான முனைக்கும் இடையே 100 கிலோ ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டரை வைத்துவிட்டால், தொடர்பு போனாலும் வால்வுகள் குளிர்ந்த பக்கமே சாயும். விலை மிகக் குறைந்த இந்தச் சிறு பொருள், தொகுப்பிலேயே விலை மிகுந்த பொருளைக் காக்கிறது.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு வருகிறேன். முதன்மைச் சுருள் 6.6 கிலோ ஓம், துணைச் சுருளில் 4, 8 ஓம் முனைகள். இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான தடை) விகிதம் சுற்றுகளின் விகிதத்தின் வர்க்கம் என்பதால் இதைச் சரிபார்ப்பது எளிது. எதனுடனும் இணைக்காத நிலையில் 8 ஓம் முனையில் 1 வோல்ட் மாறுமின்னழுத்தம் கொடுத்தால் முதன்மையின் இரு கோடிகளுக்கு இடையே 28.7 வோல்ட் வர வேண்டும். எனக்கு 28.9 வந்தது, 6.68 கிலோ ஓம் என்று கணக்காகிறது. ஒரு விழுக்காட்டுக்குச் சற்றே மேலான வேறுபாடு இது. ஒலிபெருக்கியின் இம்பீடன்ஸே அதிர்வெண்ணுக்கேற்ப மடங்குகளாக மாறும்போது இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

முதன்மையின் இரு பாதிகளுடைய மின்தடை 151 ஓமும் 168 ஓமும். இது குறையன்று. உள்ளே சுற்றிய பாதியைவிட வெளியே சுற்றிய பாதிக்குக் கம்பி அதிகம் தேவைப்படும். சுற்றுகளின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் மின்தடை ஒன்றாக இராது. ஆனால் இதைத் தாளில் எழுதாதது குறைதான். கேத்தோடு ரெசிஸ்டர் வைக்காமல், ஒவ்வொரு பாதியின் மீதும் விழும் மின்னழுத்தத்தை அதன் மின்தடையால் வகுத்துப் பிளேட் மின்னோட்டத்தைக் காண்போர் பலர். இரு வால்வுகளும் 21.4 மில்லி ஆம்பியர் எடுக்கும்போது இந்த டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு பக்கம் 3.2 வோல்ட்டும் மறுபக்கம் 3.6 வோல்ட்டும் விழும். மின்தடையை அளக்காமல் இவற்றை மட்டும் பார்ப்பவர், வால்வுகள் இணையாக இல்லை என்று எண்ணி நல்ல வால்வுகளைத் திருப்பி அனுப்பிவிடக்கூடும். எவ்வாறாயினும், மின்சாரத்தை நிறுத்தி, கெப்பாசிட்டர்களை வெறுமையாக்கி, சுருளின் மின்தடையை நீங்களே அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

8 ஓம் சுமையில் அலை வெட்டுப்படத் தொடங்கும் எல்லையில் 13 வோல்ட் கிடைத்தது, 21 வாட். கிட்டாரின் மிகக் கீழான தந்தியின் அதிர்வெண் 82 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணிலும் முழுத் திறனில் அலை வடிவம் கெடவில்லை. 41 ஹெர்ட்ஸுக்கு இறக்கியபோது, பாதித் திறனிலேயே உள்ளகம் நிறைவுற்று அலை வளைந்தது. கிட்டாருக்கு இது சரியான இடம் என்பதே என் எண்ணம். இதே தயாரிப்பாளர் கூடுதல் விலையில் பெரிய உள்ளகம் கொண்ட மாற்று அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் தருகிறார். அதை மேம்பாடு என்றே விளம்பரப்படுத்துகிறார். பெரிய உள்ளகம் அடிக்குரலை இன்னும் கீழே வரை சுத்தமாகக் கடத்தும்; ஜாஸ் வாசிப்போருக்கும், ஆம்பிளிஃபையரை எப்போதும் சுத்தமான எல்லைக்குள் வைத்திருப்போருக்கும் அது பொருந்தும். ஒலியைக் கூட்டி வால்வுகளை அவற்றின் சுத்தமான எல்லைக்கு மேல் ஓட்டி வாசிப்பவருக்கோ, சிறிய உள்ளகம் அடிக்குரலை விட்டுக்கொடுக்கும் அந்த விளிம்புதான் ஒலியை மெத்தென்றும் தெளிவாகவும் வைத்திருக்கிறது. பெரிய டிரான்ஸ்ஃபார்மரோடு அதே வாசிப்பு அடியில் குழம்பிவிடும். எனவே எடை கூடியது மேலானது என்ற எண்ணத்தோடு தேர்வதை நான் ஊக்குவிக்க மாட்டேன். நான் கட்டியதில் சாதாரண உள்ளகமே இருக்கிறது, அதையே வைத்துக்கொள்வேன்.

இன்னொரு பக்கம் உயர் அதிர்வெண். முதன்மையையும் துணைச் சுருளையும் அடுக்கடுக்காக மாற்றி மாற்றிச் சுற்றியிருப்பதால் கசிவுத் தூண்டம் (இரு சுருள்களும் முழுமையாகப் பிணையாததால் எழுவது, உயர் அதிர்வெண்ணைத் தடுப்பது) குறைவாக இருக்கிறது போலும். எதிர்ப் பின்னூட்டத்தை (வெளியீட்டின் ஒரு பங்கை எதிர்த்திசையில் உள்ளே திருப்பி அனுப்பும் இணைப்பை) இணைத்தபிறகும் அலைவு எதுவும் எழவில்லை. பின்னூட்டத்தை இணைத்ததும் ஊளையிட்டால் பதற வேண்டாம். முதன்மையின் இரு கோடிகளையும் இடம் மாற்றிப் பிளேட்டுகளில் இணைத்தால் நின்றுவிடும். இந்தத் தொகுப்பில் நீலம், பழுப்பு, நடுமுனைக்குச் சிவப்பு என்ற வழக்கமான நிறங்களையே பின்பற்றியிருப்பதால் பழைய அமைப்புப் படத்தின்படியே இணைத்து முதல் முறையிலேயே சரியாக வந்தது.

சோக் 4 ஹென்றி. அளவான பொருள், அமைதியாக இருக்கிறது.

இரைச்சலைப் பொறுத்தவரை தகடுகள் இறுக்கமாக உள்ளன. பவர் டிரான்ஸ்ஃபார்மரின் உடலில் அதிர்வு கையால் தொட்டால்தான் தெரிகிறது. இரு டிரான்ஸ்ஃபார்மர்களின் உள்ளகங்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும்படி வைக்க வேண்டும் என்பது தெரிந்ததே. சேசிஸில் (பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டத்தில்) துளையிடுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுவது நல்லது: பவர் டிரான்ஸ்ஃபார்மரின் துணைச் சுருள்களின் முனைகள் அனைத்தையும் தனித்தனியே காப்பிட்டு, முதன்மைக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் துணைச் சுருளில் ஹெட்போனை இணைத்து, அதை அங்குமிங்கும் நகர்த்திக் கேட்டால் ரீங்காரம் மிகக் குறையும் இடம் தெளிவாகக் காதில் படும். இந்தத் தொகுப்பின் கம்பிகள் நீளமாக விடப்பட்டிருப்பதால் அந்த இடத்திலேயே பொருத்த முடிகிறது.

முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது, மின்வழங்கலோடு தொடராக ஓர் இழை விளக்கை இணைத்துக்கொள்ளுங்கள். எங்காவது குறுக்குச் சுற்று இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் எரிவதற்குப் பதில் விளக்கு எரியும். ஒலிபெருக்கியோ அதற்கு நிகரான சுமையோ இல்லாமல் ஆம்பிளிஃபையரை ஓட்டக் கூடாது. சுமையற்ற அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் எழும் மின்னழுத்தம் அதன் காப்பையே துளைத்துவிடும். அணைத்தபின்னும் கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட் நின்றிருக்கும் என்பதையும், அது உயிரைப் பறிக்கப் போதுமானது என்பதையும் இந்த வேலையில் இறங்கும் ஒவ்வொருவரும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். தொகுப்போடு வரும் தாளில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. முதன்முறை கட்டுபவரை நோக்கி விற்கும் பொருளில் இந்த மௌனத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

ஜிஇசட்34க்குப் பதில் 5ஒய்3 ரெக்டிஃபையரைப் போட்டு ஒலியை மென்மையாக்கலாமா என்று கேட்போர் உண்டு. 5 வோல்ட் சுருள் அதைத் தாங்கும். 5ஒய்3இன் இழைக்கு வேண்டியதும் 2 ஆம்பியர்தான். ஆனால் அதன் உள்ளிழப்பு மிக அதிகம் என்பதால் உயர் மின்னழுத்தம் பல பத்து வோல்ட் இறங்கும், பயாஸை மறுபடி அமைத்தே தீர வேண்டும். முதல் கெப்பாசிட்டரின் அளவையும் அது தாங்கும் வரம்புக்குள் குறைக்க வேண்டும்.

6வி6க்குப் பதில் அதைவிடத் திறன் மிகுந்த 6எல்6ஜிசி வால்வுகளுக்கு உயர்த்தலாமா என்ற கேள்விக்கு என் விடை, கூடாது என்பதே. அவற்றின் இழை தலா 0.9 ஆம்பியர் எடுப்பதால் மொத்தம் 3.6 ஆம்பியராகி, சுருளின் 3.5ஐத் தாண்டும். 120 மில்லி ஆம்பியர் உயர் மின்னழுத்தச் சுருளும் முழுத் திறனில் போதாது. இரண்டு 6எல்6ஜிசிகள் எதிர்பார்க்கும் சுமையோ 4 கிலோ ஓம் அளவில், 6.6 கிலோ ஓமில் அவற்றின் திறன் முழுமையாக வெளிவராது. அந்த அளவு ஒலி தேவைப்படுபவர் அதற்கென்றே சுற்றிய வேறு தொகுப்பை வாங்குவதே முறை. இரண்டு 6வி6களோடு நிறைவடைபவர், 240 முனையில் இணைத்து 22 மில்லி ஆம்பியருக்கு அருகில் பயாஸ் வைத்து, சாதாரண அளவிலான அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரோடு இந்தத் தொகுப்பைத் தயங்காமல் வாங்கலாம்.